கொக்கி ஊசியும் தண்ணீரில் கிளம்பிய ஜெட்டும்

பட்டுச் சேலைக்குக் குஞ்சம் முடிக்கிற தொழிலில் விரல் தேயும், கழுத்து பிடிக்கும், கண்ணில் பூச்சி பறக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்; காதுக்கு என்ன ஆகும் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கடை என்னுடையது. குஞ்சம், ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. கூட மல்லிகா இருக்கிறாள், என்னைவிட வேகமான கை. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், வேலை செய்வதில்லை. ஒருவர் எங்க வீட்டுக்காரர். கடற்படையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் என் அண்ணன். விமானப்படையில் விமானங்களின் உடம்பைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஆளுக்கொரு ஸ்டூலில், வாசலுக்கு இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று என்று உட்கார்ந்துவிடுவார்கள். ரிட்டயர் ஆன ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

எந்த நீலம்

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா மயில் கழுத்துக் கலர் சேலையைக் கொண்டு வந்து, ஃபால்ஸுக்கு ஒத்துப்போகிற துணி பார்க்கச் சொன்னார். நான் பெட்டியைத் திறப்பதற்குள் இடதுபக்க ஸ்டூல் பேசியது.

"நேவி ப்ளூ வெச்சிப் பாரு சாந்தி. அழுக்கே தெரியாது."

வலதுபக்க ஸ்டூல் சும்மா இருக்குமா? "இந்த வெயில்ல நேவி ப்ளூவா? ஏர்ஃபோர்ஸ் ப்ளூ எடும்மா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"உங்க நீலம் சாயம் போன நீலம் மச்சான்."

"உன்னுது கிரீஸ் பட்ட நீலம் மாப்ள."

எந்த நீலத்தை வைத்து யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று பேச்சு எல்லை வரைக்கும் போய்விட்டது. அந்த அம்மா ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பெட்டிக்குள் தானே கையை விட்டு ஒரு பச்சைத் துணியை எடுத்து என் மடியில் போட்டார்.

"ஐயா, இது மயில் கழுத்து. உங்க ரெண்டு பேருக்குமே இதுல எடமில்ல."

ஜெட்டு யாருக்குச் சொந்தம்

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். சின்னவள் பவித்ரா இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு வருஷமும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லியே ஓட்டினார்கள். இந்த வருஷம் அறிவியல் கண்காட்சியை அவளிடம் விட்டிருந்தார்கள். நன்றாக நடத்தினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளாளரே சொல்லிவிட்டார். என் பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாப்பாட்டில்தான் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து காமாட்சி அம்மனிடம் எனக்கு வேறு பேச்சே கிடையாது.

அவள் யோசித்து வைத்திருந்தது, தண்ணீரிலிருந்து கிளம்பும் ஜெட் விமானம். ஜெட் புதிதாக வந்த காலத்தில் வெளிநாட்டில் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்களாம். சக்கரத்துக்குப் பதிலாக வயிற்றுக்கு அடியில் இரண்டு சறுக்குக் கட்டை இருக்கும். வேகம் எடுத்ததும் அந்தக் கட்டைகள் தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கும். காற்றை இழுக்கும் வாயை முதுகுமேல் வைத்தார்கள். தண்ணீர் தெறித்து உள்ளே போய்விட்டால் இன்ஜின் போச்சு. இதையே சின்னதாகச் செய்து ஏரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். உள்ளே நிஜ ஜெட் கிடையாது. குழாய்க்குள் அடைத்த சின்ன விசிறி, பேட்டரியில் சுற்றும், முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். வீட்டில்தான் இரண்டு படை இருக்கிறதே என்று நம்பிக் கடைக்கு வந்து சொன்னாள்.

"தண்ணியில நிக்குதா? அப்ப அது நேவி" என்றார் இவர்.

"நிக்கறதுக்கா செய்றாங்க? பறக்கறதுக்கு மாப்ள. அது ஏர்ஃபோர்ஸ்" என்றார் அண்ணன்.

பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ஊர்லயும் இதே சண்டைதாம்பா. பெரிய பெரிய ஜெட்டெல்லாம் விமானப்படைக்குப் போயிடுச்சின்னு கப்பல்படைக்குப் பொறுக்கல. எங்களுக்கு ஓடுதளமே வேணாம், கடலே போதும்னு சொல்லித்தான் இதைச் செஞ்சாங்க."

மல்லிகா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ஊர்லயும் மாமன் மச்சான் ஒரே கடையிலதான் குந்திக்கினு இருந்தாங்களா பவி?"

நங்கூரமும் தராசும்

மறுநாளே என் வெட்டுமேசை பறிபோயிற்று. ஒருபக்கம் தெர்மாகோல், ஒருபக்கம் மூங்கில் குச்சி, நடுவில் கல்யாணச் சேலைகள். அண்ணன் பட்டு நூல் நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, பசைப் பொட்டு முதற்கொண்டு நிறுத்தார். பறப்பதற்குக் கனம்தான் எதிரி என்பது அவர் கட்சி. தண்ணீரில் அலை அடிக்கும், உறுதிதான் முக்கியம் என்பது இவர் கட்சி. இவர் ஒன்றை ஒட்டுவார், அண்ணன் அதில் பாதியைச் சீவுவார்.

ஒருநாள் விமானத்தின் மூக்கு தானாகத் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அண்ணன் உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பித்தளையில் ஒரு குட்டி நங்கூரத்தை வெளியே எடுத்தார்.

"இது இன்னா மாப்ள?"

"தண்ணியில நிக்கற எதுக்கும் நங்கூரம் இருக்கணும் மச்சான். அது முறை."

"அப்ப மேல போனா எங்க கட்டுவ? மேகத்துலயா?"

சறுக்குக் கட்டைக்கு என்ன செய்வது என்று திணறிக்கொண்டிருந்தபோது, சேலை கொண்டுவந்த நெசவாளர் முருகேசன்தான் வழி காட்டினார். தறியில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஓடுமே நாடா, பார்ப்பதற்குப் படகு மாதிரி, இரண்டு முனையும் கூராக, வழவழவென்று இருக்கும். தேய்ந்த நாடா இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியே மாட்டலாம் என்றார் இவர். கண்ணாடித் துண்டால் சுரண்டி அப்பளம் மாதிரி ஆக்கினால்தான் மாட்டலாம் என்றார் அண்ணன். கடைசியில் அண்ணன் சுரண்டினார், இவர் திருகாணி போட்டார். அதிசயமாக இரண்டு பேருமே நன்றாக இருக்கிறது என்றார்கள்.

முருகேசன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறந்ததுலருந்து தறியில பாவு நூலுக்குள்ளயே ஓடின நாடா சார் இது. பாத்து ஓட்டுங்க, முட்ட செவுரு இல்லன்னா அதுக்கு நிக்கத் தெரியாது."

கஞ்சி

இந்தத் துணுக்கை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுவதுதான் மனசுக்கு நல்லது.

இறக்கைக்கு மூங்கில் சட்டம் போட்டு அதன்மேல் வெள்ளைப் பட்டுத் துணியை இழுத்து ஒட்டியிருந்தோம். துணி தொளதொளவென்று இருந்தது. விறைப்பாக ஏதாவது பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகச் சாப்பிடப் போனார்கள். விறைப்பு என்றால் எங்கள் ஊரில் ஒரே வழிதான். தறியில் பாவு நூல் விறைக்க என்ன போடுகிறோம்? அரிசிக் கஞ்சி. நானும் மல்லிகாவும் நன்றாகக் காய்ச்சி, வடிகட்டி, இரண்டு முறை பூசி வெயிலில் வைத்தோம். தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் வந்தது. திரும்பி வந்த அண்ணன் 'மாப்ள பரவாயில்லையே' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாராம். இவர் 'மச்சானுக்கு வேலை தெரியுது' என்று நினைத்துக்கொண்டாராம். வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல், ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முசரவாக்கத்தில் என் வாடிக்கைக்காரி விமலாவின் நிலத்தில் ஒரு மீன் குட்டை இருக்கிறது. முதல் ஓட்டம் அங்கே என்று முடிவாயிற்று. தண்ணீரில் விட்டோம். அழகாக மிதந்தது. இன்ஜினைப் போடுவதற்குள் இறக்கையின் ஓரம் நனைந்த அப்பளமாகத் தொங்கியது. அப்புறம் தண்ணீரில் ஒரு சலசலப்பு. குட்டையில் இருந்த கெண்டை எல்லாம் சுற்றிக்கொண்டு இறக்கையைக் கொத்தத் தொடங்கின. விமானம் தானாகவே வட்டம் போட்டது. இழுத்துக் கரையில் போட்டபோது துணியில் பாதி இல்லை.

"இன்னா பூசின மாப்ள?"

"நான் எங்க பூசினேன்? நீங்க பூசினதுன்னு இல்ல நெனச்சேன்."

"செஞ்சிட்டு இல்லன்னு வேற சொல்றியா?"

"என்னைப் பொய்க்காரன்னு சொல்றீங்களா மச்சான்?"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். அதிலிருந்து பேச்சு நின்றது. சாயங்காலம் விளக்கேற்றும்போது அம்மனிடம் மட்டும் சொன்னேன். அவள் எல்லாம் தெரிந்தவள், ஆனால் கடையில் வந்து சாட்சி சொல்ல மாட்டாளே!

அன்று குட்டையிலிருந்து கிளம்பும்போதே விமலா ஆட்டோ வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "சாந்திம்மா, இந்த மீனுங்க தவிட்டுக்குக்கூட இப்படி ஓடியாந்தது இல்லமா. அடுத்த வாரமும் ஒரு ப்ளேன் எடுத்தாங்களேன்."

டேக் ஓவர்

கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. புதுத் துணி ஒட்டி வார்னிஷ் அடித்தாயிற்று. ஆனால் ஸ்டூல்கள் இரண்டும் முதுகு காட்டிக்கொண்டு இருந்தன. 'சாந்தி, உங்கண்ணன்கிட்ட திருகாணி இருக்கான்னு கேளு' என்பார் இவர். அண்ணன் இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். 'இருக்குதுன்னு சொல்லு' என்பார்.

ரிமோட்டை யார் பிடிப்பது என்பதில் என் பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, மாமா, உங்க ரெண்டு பேர் சண்டையில என் வேலை போயிடும் போலக்கிது. தண்ணியில ஓடற வரைக்கும் அப்பா. தண்ணிய விட்டு எழுந்த அடுத்த செகண்ட் மாமா. கை மாத்தி வாங்கிக்கோங்க. இதுக்குமேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஒத்திகை. நிஜ ரிமோட் கெட்டுப்போகும் என்று கடை டிவியின் ரிமோட்டை வைத்துக்கொண்டார்கள். இவர் அதைப் பிடித்துக் கண்ணை இடுக்கி எதிர்ச் சுவரை ஏரி மாதிரி பார்ப்பார். திடீரென்று "டேக் ஓவர்!" என்று கத்தி நீட்டுவார். அண்ணன் பிடுங்கி "டேக்கன்!" என்பார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நடக்கும். இரண்டு பேருக்கும் இடையில் நடந்த பேச்சே அந்த இரண்டு வார்த்தைதான். கைமாறும் போதெல்லாம் யார் விரலாவது பட்டு டிவியில் சேனலும் மாறும்.

குஞ்சம் முடியும் வரைக்கும் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கைக்காரி எழுந்தே நின்றுவிட்டார்: "தாலிய கையில எடுத்துட்டான்பா, அப்பப் போயி நியூஸ் வெச்சிட்டீங்களே! கட்டினானா, இல்லியா? ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பதில் சொல்லுங்க!"

ஒரு முழம் கதம்பம்

கண்காட்சி நாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏரி. கரை முழுக்கப் பிள்ளைகள். தாளாளர் வெள்ளைச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். பவித்ரா ஒரு ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் கொஞ்சம் நடுங்கியது. விமானம் என் பொறுப்பில் இருந்தது.

புது வண்டி எடுத்தால் நாம் என்ன செய்வோம்? சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இதற்குச் சக்கரம் இல்லை, அதனால் எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டேன். பூ இல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. அர்ச்சனை செய்து வாங்கி வந்த கதம்பத்தை மூக்கைச் சுற்றிக் கட்டினேன். முதுகில் இருந்த காற்று வாய்க்குள் தண்ணீர் போகக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இவர் ரிமோட்டைப் பிடித்தார். விமானம் சீறிக்கொண்டு போயிற்று. நாடாக் கட்டைகள் தண்ணீர்மேல் ஏறின, பிள்ளைகள் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். "டேக்..." என்று இவர் சொல்லத் தொடங்கிய நேரம், ஏரி நடுவில் மிக்ஸியில் கல் போட்ட மாதிரி ஒரு சத்தம். பின்பக்கக் குழாயிலிருந்து சாமந்தி இதழ் கொஞ்சம் பறந்தது. விமானம் நின்றது.

என் பிள்ளை முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. தாளாளர் எழுந்து நின்று, "இன்னா டீச்சர் ஆச்சு?" என்றார்.

"இன்ஜின் என் பொறுப்பு சார். என் தப்பு" என்றார் இவர்.

"இல்ல சார். அந்த வாய வெச்சது நானு. என் தப்பு" என்றார் அண்ணன்.

"மச்சான், நீங்க சும்மா இருங்க. நான்தான்."

"நீ இன்னாத்த கண்ட மாப்ள? நான்தான்."

இத்தனை வருஷத்தில் தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இந்த இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. முன்னால் போய் நின்றேன். "ரெண்டு பேரும் இல்ல சார். பூ கட்டினது நானு." அப்படியே அவர்கள் பக்கம் திரும்பி, "அன்னிக்குக் கஞ்சி பூசினதும் நான்தான்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டு ஏரியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். முழங்கால் வலியோடு இவரால் இறங்க முடியாது, கரையில் நின்று கைகாட்டினார். "போர்ட் சைடு மச்சான்! போர்ட் சைடு!"

"லெஃப்டுன்னு சொல்லு மாப்ள!"

விமானம் வந்தது. குழாய்க்குள் பார்த்தேன். பூத்தொடுத்த நூல் விசிறித் தண்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளைகளுக்குத்தான் அது இன்ஜின் கோளாறு. எனக்கு அது வெறும் நூல் சிக்கு. முப்பது வருஷமாகப் பட்டில் சிக்கெடுத்த கை இது. முந்தானையில் குத்தி வைத்திருந்த கொக்கி ஊசியை எடுத்து, 'தாயே' என்று சொல்லி, முனை எங்கே என்று தேடி, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று தளர்த்தி இழுத்தேன். பவித்ரா இதற்குள் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துவிட்டாள். "பாத்துக்கோங்க. வெளியிலிருந்து எது உள்ள போனாலும் ஜெட் நின்னுடும். தண்ணியா இருந்தாலும் சரி, சாமி பூவா இருந்தாலும் சரி. அதனாலதான் அந்தக் காலத்துல வாயை முதுகு மேல வெச்சாங்க." இப்போது அவள் குரல் நடுங்கவில்லை. நூல் முழுதாக வந்தது. விசிறி சுற்றியது.

இரண்டாவது ஓட்டம். கட்டைகள் ஏறின. தண்ணீரை விட்டு எழுந்தது. "டேக் ஓவர்!" என்று கத்திக்கொண்டு இவர் ரிமோட்டை நீட்டினார்.

அண்ணன் வாங்கவில்லை. "கையெல்லாம் ஈரம். நீயே ஓட்டு மாப்ள. மூக்கைத் தூக்காத... அப்படியே... அப்படியே போ..."

பனைமர உயரம்கூட இல்லை. ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய், ஏரி வாத்து மாதிரி வயிற்றை வைத்து உட்கார்ந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தன. மல்லிகா என்னைக் கட்டிக்கொண்டாள். தாளாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, என் கையிலிருந்த சிக்கெடுத்த நூலை ஒருதரமும் என் பிள்ளையை ஒருதரமும் பார்த்தார்.

"பவித்ரா டீச்சர், திங்கக்கெழம வந்து பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கோங்க. பூ வெச்சிக்கினே வாங்க, ஆனா தலையில மட்டும்."

அம்மன் புண்ணியத்தில் என் பிள்ளைக்கு வேலை நிலைத்துவிட்டது, ஸ்டூல்கள் இரண்டும் மறுபடியும் முகம் பார்த்துத் திரும்பிவிட்டன, அதனால் அன்று அந்த விமானம் தண்ணீரில் ஓடிய தூரம் அதிகமா காற்றில் பறந்த தூரம் அதிகமா என்ற வழக்கு இன்று வரைக்கும் என் கடையில் தீராமல் நடந்துகொண்டிருக்கிறது.